லோசலினி திருப்பிய லாரி

லோசலினி சாதாரணமாகப் பேசினாலே சண்டை போடுவது போலிருக்கும். ஃபிஜித் தீவின் சிங்கடோக்கா ஆற்றின் இந்தக் கரையில் நின்று அந்தக் கரையில் வேலை செய்பவர்களோடு பேசியே வளர்ந்த குரல் அது. எங்கள் பள்ளத்தாக்கின் பப்பாளியை நாண்டி விமான நிலையத்துக்கு ஏற்றிப்போகும் லாரி அவளுடையது. கணவர் இருந்தவரை அவர் ஓட்டினார். அவர் இறந்த பிறகு வண்டியை விற்றுவிடும்படி எல்லோரும் புத்தி சொன்னார்கள். அவள் கேட்கவில்லை. என் வயலோரத்தில் முன்னும் பின்னும் ஓட்டிப் பழகினாள், என் வேலியை இரண்டு இடத்தில் சாய்த்தாள், அதை அவளே வந்து நிமிர்த்திக் கட்டினாள். பிறகு ஒரு நாள் பழத்தை ஏற்றிக்கொண்டு தனியாகவே போய்விட்டாள்.

நான் பயிர் செய்யும் நிலம் அவள் குலத்தாருடையது. என் தாத்தா காலத்துக் குத்தகை. பழத்தைக் கழுவித் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்கும் கொட்டகை என் பொறுப்பில் இருந்தது. என்னை அவள் ரகு என்பாள். ரகுபீர் என்று முழுப் பெயரையும் சொன்னால் கோபத்தில் இருக்கிறாள் என்று அர்த்தம்.

எங்கள் பழம் நியூசிலாந்துக்குப் போவது சும்மா நடந்த காரியமில்லை. பழ ஈ முட்டையிட்ட பழம் ஒன்று அங்கே இறங்கி, அதில் உயிரோடு ஒரு புழு நெளிந்தாலும், ஃபிஜி நாட்டுப் பழம் மொத்தத்துக்கும் கதவைச் சாத்திவிடுவார்கள். அதனால் நாண்டியில் சுடுகாற்று அறைக்குள் பழத்தை வைத்து, உள்ளே இருக்கும் முட்டையெல்லாம் சாகும்வரை சூடேற்றித்தான் விமானத்தில் ஏற்றுவார்கள். அளவுக்கு மேல் பழுத்ததை அந்த அறைக்குக் கொண்டுபோகக்கூடாது. ஒரு முறை லோசலினியின் சொந்த அண்ணன் கனிந்த பழத்தை அடியில் மறைத்து மேலே காயாக அடுக்கிக் கொண்டுவந்தார். அவள் பெட்டியைத் தூக்கிக் கொட்டகை வாசலிலேயே கவிழ்த்தாள். "பன்னிக்குப் போடுண்ணா, அது சந்தோஷமா சாப்பிடும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டியைப் பார்க்கப் போனாள். அண்ணன் ஒரு மாதம் பேசவில்லை. ஆனால் அந்த வருஷம் விவசாயிகள் சங்கத்துக்குத் தலைவர் தேர்ந்தெடுத்தபோது அவர்தான் அவள் பெயரை முதலில் சொன்னார், அவளே தலைவியானாள்.

அதன் பிறகு புயல் வந்தது. ஆறு கரையை உடைத்துக்கொண்டு வயலுக்குள் புகுந்தது. பப்பாளி மரத்துக்குத் தண்டில் வைரம் கிடையாது, ஒன்றுகூட மிஞ்சவில்லை. அரசாங்க நாற்றுப்பண்ணையும் சேற்றுக்குள் போய்விட்டதால் விதைக்கு வழியில்லை. கொட்டகை பூட்டிக்கிடந்தது. நாங்கள் மரவள்ளியும் கத்திரியும் போட்டு நாளைக் கடத்தினோம்.

அந்த நேரத்தில் அபிசாய் வயலில் மட்டும் பப்பாளிக் கன்று எழும்பியது. அபிசாய் லோசலினிக்கு மாமன் மகன். இளமையில் மாகாண ரக்பி அணியில் ஆடியவர், கதவில் நுழையும்போது பக்கவாட்டில் திரும்பி நுழையும் உடம்பு. எங்கள் பக்கத்தில் மாமன் மக்களும் அத்தை மக்களும் ஒருவரையொருவர் கிண்டல் செய்யாமல் இருந்தால்தான் தப்பு. இவர்கள் இருவரும் அந்தக் கடமையில் ஒரு நாளும் தவறியதில்லை. விதை எங்கே கிடைத்தது என்று அவள் கேட்டதற்கு, மகள் வீட்டுத் தோட்டத்து விதை என்றார். இங்கே லௌடோக்கா நகரில் கட்டிக்கொடுத்த மகளைச் சொல்கிறார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம். அவருக்கு ஹவாயில் இன்னொரு மகள் இருப்பது யாருக்கும் அப்போது நினைவுக்கு வரவில்லை.

அந்த மரங்கள் அப்படிக் காய்த்தன. தண்டைச் சுற்றி இடம் விடாமல் காய். அறுத்தால் உள்ளே செம்மஞ்சள், வாயில் வைத்தால் தேன். பார்த்தவர்கள் விதை கேட்டார்கள். சொந்தக்காரன் வந்து கேட்டால் எங்கள் ஊரில் இல்லையென்று சொல்ல முடியாது. அதற்குக் கெரெகெரே என்று பெயர். அபிசாய் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். லோசலினி ஆற்றோர நிலம் முழுவதும் அதையே நட்டாள். நானும் வாங்கினேன், என் பங்கை எலி தின்றுவிட்டது. மறு வருஷம் கொட்டகை திறந்தது. லாரி மறுபடியும் நாண்டிக்கு ஓடியது. லோசலினியின் குரலும் பழையபடி ஆற்றைத் தாண்டிக் கேட்டது.

ஒரு நாள் பழம் நிறைய ஏற்றிக்கொண்டு கிளம்பியபோது நானும் கூடப் போனேன். டவுனில் டீசல் போட நிறுத்தியிருந்தோம். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் எங்கள் பழத்தை வாங்கி விற்கும் டெரெக்கிடமிருந்து அவளுக்குப் போன் வந்தது. நல்ல மனிதர். கடைக்காரர்கள் கேட்டதால் வந்த பழத்தில் சிலவற்றை ஆய்வுக்கு அனுப்பியிருக்கிறார். ஒன்றில் மரபணு மாற்றிய பப்பாளியின் அடையாளம் வந்திருக்கிறது. ஹவாயில் அந்த மாதிரிப் பப்பாளி சாதாரணமாக விளைகிறது, தின்கிறார்கள், விற்கிறார்கள். ஆனால் நியூசிலாந்தில் அதை விற்க அனுமதி கிடையாது. அதிகாரிகளுக்குச் சொல்லாமல் இருக்க முடியாது, அதற்கு முன் உன் காதில் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

போனை வைத்துவிட்டு அவள் டீசலுக்குப் பணம் கொடுத்தாள். பிறகு எனக்கு விஷயத்தைச் சொன்னாள். ஆய்வே தப்பாக இருக்கலாம், எந்த உத்தரவும் வரவில்லை, ஏற்றியது ஏற்றியாகிவிட்டது, இந்த ஒரு லோடு போய்ச் சேரட்டும் என்றேன். நான் சொன்னதில் நியாயம் இருப்பதாகவே எனக்கு இன்னும் தோன்றுகிறது. அவளுக்குத் தோன்றவில்லை.

"உத்தரவு வந்தப்புறம் நின்னா, அவங்க நிறுத்தினது. இப்ப நின்னா, நாம நிறுத்தினது. நாளைக்கு மறுபடியும் டெரெக் முன்னாடி போய் நிக்கப்போறவ நான்தானே, ரகு?"

"ஊர்ல என்ன சொல்வ?"

"இருக்கறத சொல்வேன். எனக்கென்ன, பொய் சொல்லத் தெரியாமலா? சொன்ன பொய்ய ஞாபகம் வச்சுக்கத்தான் தெரியாது."

ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் லாரியைத் திருப்பினாள். வளைக்க இடம் போதாமல் பின்னால் வந்த பஸ் நின்றது. பஸ் டிரைவர் ஏதோ சொன்னார், அவளும் திருப்பிச் சொன்னாள். அதை இங்கே எழுத முடியாது. திரும்பி வரும் வழியிலேயே தாவரப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போன் போட்டு, எங்கள் பழத்தில் சந்தேகம் இருக்கிறது, நாங்களே ஏற்றுமதியை நிறுத்திவிட்டோம், வந்து பாருங்கள் என்றாள். அந்தப் பக்கம் பேசியவர் அவளை இரண்டு தடவை திரும்பச் சொல்ல வைத்தார். இப்படி ஒரு போன் அவருக்கு வந்ததே இல்லை போலிருக்கிறது.

ஊரில் கொந்தளிப்பு, எல்லோரும் கொட்டகையில் கூடினார்கள். புயலில் இழந்து இப்போதுதான் எழுந்து நின்றவர்கள். போகிற லாரியை நிறுத்த இவள் யார் என்று கேட்டார்கள். இவள் வாய் சும்மா இருந்திருந்தால் விஷயம் தானாக அடங்கியிருக்கும் என்றார்கள். அண்ணன்கூட அன்று அவளுக்காகப் பேசவில்லை. அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்: இந்த விதை முதலில் எங்கேயிருந்து வந்தது? எல்லோரும் அபிசாயைத் தேடினார்கள். அவர் அங்கே இல்லை.

மறுநாள் காலையில் அவர் வந்தார். சுலு என்னும் இடுப்புத் துணி கட்டி, வெள்ளைச் சட்டை போட்டு, இரண்டு கையிலும் ஒரு தம்புவாவை ஏந்திக்கொண்டு வந்தார். தம்புவா என்பது திமிங்கிலப் பல். எங்கள் மண்ணில் அதற்கு மேலே ஒரு பொருள் இல்லை. பெண் கேட்கவும், மரணத்துக்குத் துக்கம் சொல்லவும், செய்த தப்புக்கு மன்னிப்புக் கேட்கவும்தான் அதை எடுப்பார்கள். கொட்டகையின் பாயில் அந்தப் பெரிய உடம்பு தலை குனிந்து உட்கார்ந்தது. ஹவாயில் மகள் வீட்டில் அந்தப் பழத்தைத் தின்றதையும், ஊரில் விதையில்லாமல் எல்லோரும் தவிப்பது நினைவுக்கு வந்ததையும், விதையைக் காயவைத்துக் காலுறைக்குள் போட்டு விமான நிலையத்தில் சொல்லாமல் கொண்டுவந்ததையும் சொன்னார். மரபணு விஷயம் தெரியாது. சொல்லாமல் கொண்டுவருவது தப்பு என்பது தெரியும். "உங்களுக்கெல்லாம் நல்லது செய்றேன்னு நெனச்சேன்" என்று சொல்லிப் பல்லை முன்னால் நீட்டினார்.

சங்கத்தின் சார்பில் அந்தப் பல்லை வாங்குவதா வேண்டாமா என்று லோசலினிதான் முடிவு செய்ய வேண்டும். வாங்கினால் மன்னித்ததாக ஆகும். அவள் எழுந்து போய் இரண்டு கையாலும் வாங்கினாள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "மச்சான், ரக்பி ஆடறப்பவும் நீ இப்படித்தான். பந்து கைக்கு வந்தா எந்தப் பக்கம்னு பாக்காம ஓடிடுவ." முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அபிசாய் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "ஓடினேன்ல, அதச் சொல்லு" என்றார். அதன் பிறகு யங்கோனா வேர்ப்பொடியைத் தண்ணீரில் கரைத்தோம். ஒரே கிண்ணத்தில் வாங்கி வாங்கிக் குடித்தோம்.

தலைநகர் சுவாவிலிருந்து கித்தியோனே என்ற விஞ்ஞானி வந்தார். உயிரித் தொழில்நுட்பச் சட்டத்தைக் கவனிக்கும் பொறுப்பு அவருடையது. சட்டம் இருந்தது, சோதிக்கக் கருவியோ ஆட்களோ இல்லை. அந்தத் துறை முழுவதும் நான் ஒருவன்தான் என்று அவரே சொல்லிச் சிரித்தார். மரங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கன்றுகளை அபிசாய் எந்த மண்ணில் நட்டார் என்று விசாரித்துவிட்டு, அவர் ஒரு விஷயம் சொன்னார். அந்த மரபணுவை வைத்ததே பப்பாளியைத் தாக்கும் ஒரு வைரஸைத் தாங்குவதற்காக. அந்த வைரஸ் எங்கள் தீவில் இல்லவே இல்லை. அபிசாய் மரம் அப்படிக் காய்த்தது வெள்ளம் கொண்டுவந்து போட்ட வண்டலால்.

"அப்போ இல்லாத திருடனுக்கு நாய் வளத்திருக்கே மச்சான்" என்றாள் லோசலினி.

கித்தியோனே நல்லவர். ஆனால் அவருக்கு மேலே இருந்தவர்களுக்குச் சுலபமான வழி ஒன்று தெரிந்தது: பள்ளத்தாக்கில் இருக்கும் பப்பாளி மரம் அத்தனையையும் வெட்டி எரித்துவிடுவது. வாங்கும் நாட்டுக்கும் அதுவே திருப்தியாக இருக்கும் என்று நினைத்தார்கள். அபிசாய் மேல் வழக்குப் போடுவது பற்றியும் பேச்சு வந்தது. சங்கத்தைச் சுவாவுக்குக் கூப்பிட்டார்கள். லோசலினியும் நானும் போனோம். குளிரூட்டிய அறை, நீள மேஜை. அவள் தன் வழக்கமான குரலில் பேச ஆரம்பித்ததும் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒருவர் பின்னால் சாய்ந்தார்.

அவள் வாதாடியது இதுதான். எல்லா மரத்தையும் எரித்தால் அடுத்த தடவை யாருமே போன் செய்து சொல்ல மாட்டார்கள், மறைக்கத்தான் பார்ப்பார்கள். எங்களில் பலரிடம் இருப்பது பழைய விதையில் வந்த மரம். எது எது என்று பிரித்துப் பார்த்து, அந்த மரபணு இருக்கும் மரத்தை மட்டும் எடுப்போம். வேலையை நாங்கள் செய்கிறோம், நீங்கள் கூட நின்று பாருங்கள். அபிசாய் தானாக வந்து ஒப்புக்கொண்டவர், அதற்குத் தகுந்த மாதிரி அவரை நடத்துங்கள்.

மேஜையில் ஒருவர், இந்த மரபணுப் பயிர் நாட்டுக்கு வேண்டாம் என்பதுதான் சங்கத்தின் நிலையா என்று கேட்டார்.

"அது வேற கேள்வி, சார். வேணுமா வேண்டாமான்னு எல்லாரும் உக்காந்து பேசி முடிவு பண்ணுங்க, எங்களையும் கூப்பிடுங்க. வேணும்னு முடிவானா நானே நடுவேன். ஆனா வாங்கறவங்க கேக்கறது ஒண்ணு, என் பெட்டியில இருக்கறது ஒண்ணுன்னு இருக்கக்கூடாது. பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியணும். இப்ப எனக்குத் தெரியல. அதுதான் எனக்கு அவமானமா இருக்கு."

கித்தியோனே எழுந்து அவள் சொல்வதைச் செய்ய முடியும் என்றார். அந்த வகைப் பப்பாளியில் கூடவே ஒரு அடையாள மரபணுவும் இருக்கிறது, இலைத்துண்டை ஒரு மருந்துக் கரைசலில் ஊறவைத்தால் நீலமாக மாறும், மாறாதது நல்ல மரம் என்று விளக்கினார். கரைசலுக்கு அவரே ஹவாய்ப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். பேச்சு நாள் முழுக்க நீண்டது. சாயங்காலம் சரி என்றார்கள்.

சோதனை எங்கள் ஊர்ப் பள்ளியின் அறிவியல் அறையில் நடந்தது. ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு தகரச் சீட்டு ஆணியடித்தோம். காகிதத்தில் ஓட்டை போடும் கருவியால் இலையில் துண்டு எடுத்தோம். பெண்கள் மேஜையில் வரிசையாக உட்கார்ந்து குப்பிகளில் போட்டார்கள். சோதனை நடந்த நாட்களில் பள்ளத்தாக்கில் வேறு பேச்சே கிடையாது. உன் மரம் நீலமா என்பதுதான் ஒருவரையொருவர் பார்த்தால் கேட்கும் முதல் கேள்வி. கித்தியோனே எங்களோடு மரவள்ளியும் தேங்காய்ப்பாலில் வெந்த மீனும் சாப்பிட்டு, பள்ளி வராந்தாவிலேயே தூங்கினார்.

லோசலினியின் ஆற்றோர மரம் முழுக்க நீலம்.

அவளுக்கு முன்பே தெரியும். அபிசாயின் விதைதானே. ஆனாலும் குப்பிகளைப் பார்த்தபோது அவள் முகம் மாறியதை நான் கவனித்தேன். மற்றவர்கள் வெட்டுவதற்கு முன் தன்னுடையதைத்தான் வெட்ட வேண்டும் என்றாள். காயும் பழமுமாக நின்ற மரங்கள். பப்பாளி மரம் கத்தியை எதிர்த்து நிற்காது, ஒரே வீச்சில் சாயும். அதுதான் பார்க்கச் சங்கடமாக இருந்தது. அபிசாயும் அவளும் இரண்டு பக்கமிருந்து வெட்டிக்கொண்டே வந்தார்கள். அன்று அவர்கள் கிண்டல் செய்துகொள்ளவில்லை. முடிந்ததும் அவள் கீழே கிடந்த ஒரு பழத்தை எடுத்து, கத்தியை இடுப்புத் துணியில் துடைத்து, அறுத்துத் தின்றாள். எனக்கும் ஒரு துண்டு நீட்டினாள்.

"நல்ல பழம். அதுல பொய் இல்ல" என்றாள்.

அவள் தோட்டம் விழுந்ததைப் பார்த்த பிறகு மற்றவர்கள் தயங்கவில்லை. அண்ணன் தன் மரங்களை வெட்டிவிட்டு வந்து தங்கையின் நிலத்தைச் சுத்தம் செய்ய உதவினார். நீலமாகாத மரங்கள் நாங்கள் பயந்ததைவிட அதிகமாகவே மிஞ்சின. அபிசாய்க்கு அபராதம் விதித்தார்கள், ஜெயில் இல்லை. ஆற்றின் மேல்பக்கம், மற்றப் பப்பாளி எதுவும் கிட்டே இல்லாத ஒரு மேட்டு நிலத்தைச் சங்கம் விதைத் தோட்டத்துக்கு ஒதுக்கியது. அதைப் பார்த்துக்கொள்ள அபிசாயைப் போட வேண்டும் என்று லோசலினி சொன்னபோது முதலில் சலசலப்பு எழுந்தது. பள்ளத்தாக்கில் பப்பாளியை அவரைவிடப் பார்த்துப் பார்த்து வளர்ப்பவர் யார் இருக்கிறார்கள், பேரைச் சொல்லுங்கள் என்றாள். சங்கம் ஒப்புக்கொண்டது. அவர் ஒவ்வொரு பூவுக்கும் உறை கட்டி, கையால் மகரந்தம் தொட்டு வைத்து விதை எடுக்கிறார். யாராவது கெரெகெரே என்று வந்து நின்றால், சங்கத்துக்குப் போய்க் கேள் என்று அனுப்பிவிடுகிறார். அது அவருக்கு மிகவும் கஷ்டமான வேலை. ஆனாலும் செய்கிறார்.

மறு வருஷம் நியூசிலாந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள். பள்ளியில் வைத்து நாங்கள் செய்ததைத் திரும்பச் செய்து காட்டினோம். அதன் பிறகு ஏற்றுமதிக்கு அனுமதி வந்தது. டெரெக் போன் செய்து, தனக்கு அனுப்பும் பொருளை இதுவரை யாரும் தாங்களாகவே நிறுத்தியது கிடையாது என்றும், இனி பள்ளத்தாக்குப் பழத்தைத் தனிப்பெயர் போட்டே விற்கப்போவதாகவும் சொன்னார். அதைக் கேட்டு லோசலினி பெரிதாக மகிழ்ந்துவிடவில்லை. அவர் அனுப்பும் பெட்டி அட்டை தாமதமாக வருவதைப் பற்றித்தான் அவரிடம் புகார் சொன்னாள்.

இந்தக் கதை வெளியே பரவியதும் அவளைத் தேடி ஆட்கள் வந்தார்கள். நாண்டியில் ஒரு பெரிய ஹோட்டலில் பசிபிக் தீவுகளின் விவசாயக் கூட்டம் நடந்தது. அங்கே ஒரு வெளிநாட்டு அமைப்பு, மரபணுப் பயிர் விஷம் என்று மேடையில் சொல்லும்படி அவளைக் கேட்டது. விதைக் கம்பெனி சார்பில் வந்த இன்னொருவர், இந்தக் கட்டுப்பாடுகள்தான் ஏழை விவசாயியின் தோட்டத்தை அழித்தன என்று சொன்னால் நன்றாக இருக்கும் என்றார். இரண்டு பேருடனும் அவள் காபி குடித்தாள். மேடையில் ஏறி, தன் மரத்தை அழித்தது விஷமும் இல்லை சட்டமும் இல்லை, விமான நிலையத்தில் கேட்ட கேள்விக்கு மச்சான் பதில் சொல்லாததுதான் என்றாள். எங்கள் மாதிரிச் சின்ன நாட்டுக்குச் சோதிக்க ஒரு அறையும் நாலு ஆட்களும் கொடுங்கள், வேணுமா வேண்டாமா என்பதை நாங்களே யோசித்துக்கொள்கிறோம் என்றாள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அபிசாய்தான் எல்லோரையும்விட அதிகமாகக் கை தட்டினார்.

சுவாவில் இப்போது அந்தச் சோதனை அறை இருக்கிறது. கித்தியோனேவுக்குக் கீழே இரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள். அதில் ஒருத்தி எங்கள் பள்ளியில் குப்பிகளைக் கழுவிய பெண். வெளியிலிருந்து வரும் பயிர்களை அனுமதிப்பது பற்றி முடிவெடுக்கும் குழுவில் விவசாயிகள் பக்கம் ஓர் இடம் கொடுத்து, அதில் லோசலினியை உட்கார வைத்திருக்கிறார்கள். பூஞ்சை நோய் தாங்கும் ஒரு வாழையைச் சோதனைக்கு நட ஆராய்ச்சியாளர்கள் அனுமதி கேட்டு வந்தபோது, அவள் மறுப்பாள் என்றே எல்லோரும் எதிர்பார்த்தார்கள். எங்கே நடுவீர்கள், பூவையும் கன்றையும் என்ன செய்வீர்கள், அந்த ஊர்க்காரர்களைக் கேட்டீர்களா என்றாள். ஊர்க்காரர்களை அவர்கள் கேட்டிருக்கவில்லை. போய்க் கேட்டுவிட்டு வாருங்கள் என்று அனுப்பினாள். அவர்கள் கேட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். நாளை மறுபடியும் கூட்டம். சம்மதம் என்று கையைத் தூக்கப்போகிறேன் என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள்.